வாசகர் கேள்வி, பயணப் பதில்: ஜப்பானில் உடம்பு முடியாத நாள்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஜப்பான் செல்லவிருக்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சுமந்து வந்தன. எங்கே தங்குவது, எதை வாங்குவது என்பதை யாரும் கேட்கவில்லை. போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 61. சென்ற டிசம்பரில் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளுடன் டோக்கியோ சென்றிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோதே தொண்டை எரிச்சலும் உடம்பு வலியும் இருந்தன. எல்லாருடைய திட்டமும் கெட்டுவிடுமே என்று யாரிடமும் சொல்லாமல், இரண்டு பனடால் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அசாகுசா கோயில், ஸ்கைட்ரீ கோபுரம், அக்கிஹபாரா, மாலையில் ஷிபுயா என்று சுற்றிவிட்டு, இரவு ரயில் நிலையப் படிக்கட்டில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த இரண்டு நாளும் அறையில் படுத்தே கிடந்தேன். எனக்குத் துணையாக மருமகளும் வெளியே போகவில்லை. அந்த மூன்றாம் நாளில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த டிசம்பரிலும் அழைக்கிறார்கள். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் அறையிலேயே படுத்துக்கொள்வதா, சமாளித்துக்கொண்டு கூடப் போவதா? (வாசகி, ஈசூன்)

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. அன்று காலையிலேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒரு நாள், அதிலும் பாதி நாள்தான், போயிருக்கும். சொல்லாததால் உங்களுக்கு மூன்று நாளும் மருமகளுக்கு இரண்டு நாளும் போயின. கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். உள்ளூரில் அது எப்படியோ கடந்துவிடுகிறது, ஏனென்றால் தேக்காவில் கால் ஓய்ந்துவிட்டால் ஒரு டாக்சி பிடித்து ஈசூனுக்கு வந்து படுத்துவிடலாம். டோக்கியோவில் தங்கும் விடுதி முக்கால் மணி ரயில் தொலைவில் இருக்கும். நடுவில் இரண்டு இடத்தில் வண்டி மாற வேண்டியிருக்கும். அந்த மாற்றங்களுக்கு உள்ளே நீங்கள் நடக்கும் தூரமே ஒரு அடுக்குமாடிப் பேட்டையை வலம் வந்ததற்குச் சமமாக இருக்கும். ஷின்ஜுகு நிலையத்துக்கு மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட வெளிவாயில்கள் உண்டு. உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே அங்கே தவறான வாயிலில் ஏறியவர்கள் திரும்பி இறங்கிச் சோர்ந்துபோவார்கள்.

அறையிலேயே கிடப்பது, பட்டியல் முழுவதையும் ஓடி முடிப்பது ஆகிய இரண்டையும் நான் சொல்லமாட்டேன். எந்தப் பக்கம் சாய்வது என்பதை உங்கள் மனம் முடிவு செய்யக்கூடாது, வெப்பமானி முடிவு செய்யட்டும். ஆகவே வெப்பமானியைச் சிங்கப்பூரிலிருந்தே எடுத்துச்செல்லுங்கள். மாத்திரை போடுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும் என்பது முக்கியம், ஏனென்றால் பனடாலில் உள்ள பாரசிட்டமால் காய்ச்சலைச் சில மணி நேரம் மறைத்து வைக்கும், நோயைப் போக்காது; அன்று நீங்கள் மதியம் வரை நடந்ததும் இரவில் விழுந்ததும் அதனால்தான் இருக்கக்கூடும். 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தாலும், வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தாலும், அறையைவிட்டு நகராதீர்கள். அதற்குக் கீழே இருந்து, தண்ணீரும் உணவும் வயிற்றில் தங்கி, விடுதியின் ஒரு மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால், அரை நாள் வெளியே போகலாம். முழு நாள் வேண்டாம்.

அந்த அரை நாளுக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே: உட்கார்ந்தபடி பார்க்கக்கூடியதை மட்டும் பார்ப்பது. காலை அலுவலக நெரிசல் அடங்கிய பின் பத்து மணிக்குக் கிளம்பி, இரண்டு மணிக்குள் கட்டிலுக்குத் திரும்பிவிட வேண்டும். டோக்கியோ இதற்கு மிகவும் இசைந்த ஊர் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நகரின் நடுப்பகுதியை வட்டமிடும் யாமானோத்தே ரயில் தடம் பெரும்பாலும் தரைக்கு மேலே செல்கிறது, 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். முழுச் சுற்றும் வேண்டாம். உவேனோவில் ஏறி ஷிபுயாவில் இறங்கினால் அரை மணி நேரம் சன்னல் வழியே நகரம் தானாக உங்கள் முன்னால் நகர்ந்து போகும். அதைவிட எனக்குப் பிடித்தது சுமிதா ஆற்றுப் படகு. அசாகுசாவில் ஏறினால் பாலம் பாலமாகக் கடந்து, ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் ஹினொதே துறையில் இறக்கிவிடுவார்கள். கண்ணாடிச் சன்னலுக்குள் உட்கார்ந்திருப்பதால் குளிர் காற்றும் தாக்காது. உயரத்திலிருந்து நகரைப் பார்க்க ஆசை என்றால் 634 மீட்டர் ஸ்கைட்ரீயின் வரிசையில் நிற்க வேண்டாம். ஷின்ஜுகுவில் பெருநகர அரசாங்கக் கட்டடத்தின் 45ஆம் மாடியில், 202 மீட்டர் உயரத்தில், கட்டணமில்லாத பார்வைத் தளம் இருக்கிறது. ஷின்ஜுகு பெரிய நிலையத்திலிருந்து நடந்து போகாமல், தோச்சோமாயே என்ற சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் கட்டடம் பக்கத்திலேயே இருக்கும்.

ஒருமுறை கியோத்தோவில் எனக்கே இந்த நிலை வந்தது. மெல்லிய காய்ச்சல், மூக்கடைப்பு, கண்ணெல்லாம் கனம். அன்றைய திட்டம் ஃபுஷிமி இனாரி மலையில் செந்நிற வாயில்களின் ஊடே ஏறுவது. அதைக் கைவிட்டு, டாக்சி பிடித்துச் சாஞ்சூசாங்கென்தோ கோயிலுக்கு மட்டும் போனேன். 1266இல் மீண்டும் கட்டப்பட்ட, ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள ஒற்றை மரக்கூடம். உள்ளே கன்னோன் என்ற கருணைப் போதிசத்துவரின் ஆயிரங்கை உருவங்கள் மொத்தம் 1,001. படியேற்றம் கிடையாது, வெயிலும் மழையும் இல்லை. அவற்றின் முன்னே 28 காவல் தெய்வங்கள் நிற்கின்றன. ஒன்றின் முகத்தில் பறவை அலகும் முதுகில் இறகுகளும் இருப்பதைக் கண்டு பெயரைப் படித்தால் கருரா, அதாவது நம் கருடன். பிரம்மனும் இந்திரனும் ஜப்பானியப் பெயர்களில் அதே வரிசையில் இருக்கிறார்கள். நலமாக இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் கடந்து போயிருப்பேன். முடியாமல் இருந்ததால் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று நின்று போனேன். (காலணியைக் கழற்ற வேண்டும், குளிர்காலத்தில் அந்தத் தரை பனிக்கட்டி போல இருக்கும், கெட்டியான காலுறையை மறக்காதீர்கள்.) ஃபுஷிமி இனாரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்களுக்கு மேலும் இரண்டு சொல்ல வேண்டும். டிசம்பரில் நம்மவர்களை வீழ்த்துவது வெளிக் குளிர் மட்டுமன்று, உள்ளே இருக்கும் சூடும்தான். ரயிலும் கடைகளும் வெப்பமூட்டப்பட்டிருக்கும். மேலங்கியைக் கழற்றாமல் நின்று வியர்த்துவிட்டு, அந்த ஈரத்தோடு குளிரில் இறங்கினால் நல்ல உடம்பே நடுங்கும். ஏறியவுடன் மேலங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதி அறையின் காற்றும் மிக வறண்டிருக்கும். ஈரப்பதமூட்டும் கருவி கேட்டால் பல விடுதிகளில் தருவார்கள், இல்லையென்றால் நனைத்துப் பிழிந்த துண்டைக் கட்டிலருகே தொங்கவிடலாம். மற்றொன்று, மகன் குடும்பத்தை அவர்கள் போக்கில் அனுப்பிவிடுங்கள். மதியம் ஒரு மணிக்குத் தொலைபேசியில் பேசுவது என்று முடிவு செய்துகொண்டால் போதும், மருமகள் உங்கள் கட்டிலருகே காவல் இருக்கத் தேவையில்லை. வெளியில் இருக்கும்போது மயக்கம் வருவதுபோல் தோன்றினால் படிக்கட்டில் உட்காராமல் நிலைய ஊழியரிடம் "கிமோச்சி வாருய்" என்று சொல்லுங்கள். உடம்பு சரியில்லை என்று பொருள். பெரிய நிலையங்களிலும் பெரிய கடைத்தொகுதிகளிலும் படுக்க இடமுள்ள முதலுதவி அறைகள் இருக்கின்றன.

கேள்வி: என் மருத்துவர் வழக்கமாகக் கொடுக்கும் இருமல் மருந்தையும் மூக்கடைப்பு மாத்திரையையும் எடுத்துச்செல்ல நினைக்கிறேன். ஜப்பானில் சில மருந்துகளுக்குத் தடை உண்டு என்று தங்கை பயமுறுத்துகிறாள். உண்மையா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: தங்கை சொல்வது உண்மை. மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎஃபெட்ரின் என்ற பொருள் சேர்ந்திருக்கும். அது 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள மருந்தைச் சொந்தப் பயன்பாட்டுக்காகக்கூட முன் அனுமதி இன்றி ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. மருத்துவர் சீட்டு மட்டும் இருந்தால் போதாது. இருமல் மருந்தில் கோடீன் 1 விழுக்காட்டைத் தாண்டினால் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், முன் அனுமதி இன்றி எடுத்துச்செல்ல முடியாது. புறப்படுமுன் மருந்துறையை மருத்துவரிடம் காட்டி, இவ்விரண்டும் இல்லாத மாற்றைக் கேட்டு வாங்குங்கள். மற்றபடி மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளை ஒரு மாத அளவுக்கும், கடையில் வாங்கும் சாதாரண மருந்துகளை இரண்டு மாத அளவுக்கும் தனிச் சான்றிதழ் இல்லாமலே கொண்டுபோகலாம். அவற்றை உறையோடும் பெயர்ச்சீட்டோடும் வையுங்கள்; மாத்திரைகளைப் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு போகும் நம் பழக்கம் சுங்கச் சோதனையில் உதவாது.

அங்கேயே மருந்து வாங்குவதும் எளிதுதான், தெருவுக்குத் தெரு மருந்துக்கடைகள் உண்டு. ஆனால் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். நாம் பாரசிட்டமால் என்பதை அவர்கள் அசெட்டமினோஃபென் என்பார்கள். அங்கு விற்கும் சளி மருந்துகள் பலவும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல் எல்லாவற்றுக்குமான கலவை மருந்துகள். அவற்றில் அசெட்டமினோஃபென் ஏற்கெனவே சேர்ந்திருப்பது வழக்கம். அதையும் விழுங்கி, கையில் இருக்கும் பனடாலையும் விழுங்கினால் ஒரே மருந்தை இரட்டை அளவில் உட்கொண்டதாகிவிடும். தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்தும் அக்கலவையில் இருக்கக்கூடும் என்பதால், அதைப் போட்டுக்கொண்டு ரயிலேறினால் இறங்க வேண்டிய நிலையம் தாண்டிப்போகும். ஈவ் என்ற பெயரில் பரவலாக விற்கும் வலி மாத்திரையில் இருப்பது ஐபுப்ரோஃபென். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். உடம்பு முடியாதபோது ரசம் சோறு கேட்கும் வாய்க்கு அங்கே என்ன கிடைக்கும்? (வாசகி, செங்காங்)

பதில்: ரசம் கிடைக்காது, கஞ்சி கிடைக்கும். ஓகாயு என்பது குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி. நோய்ப்பட்டவருக்கு அதைக் கொடுப்பது ஜப்பானியர் வீட்டு வழக்கம். பேரங்காடிகளிலும் மருந்துக்கடைகளிலும் உறையில் அடைத்து விற்பார்கள், சூடாக்கினால் போதும். முட்டையோ மீனோ சேராத வெறும் கஞ்சி வேண்டுமென்றால் ஷிராகாயு என்று கேளுங்கள். உவேனோவிலோ ஷின்ஜுகுவிலோ ஆவி பறக்கும் ஊதோன் நூடல்ஸைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே காய்கறி மட்டுமே மிதந்தாலும், அடியில் இருக்கும் சாறு பெரும்பாலும் உலர்ந்த பொனித்தோ மீனில் எடுத்தது. தயிர், வாழைப்பழம், வெறும் சோற்றுப் பொட்டலம் ஆகியவை எல்லாச் சிறுகடைகளிலும் உண்டு. ரசப்பொடியும் ஊறுகாயும் இங்கிருந்தே கொண்டுபோகலாம். விடுதி அறையில் வெந்நீர்க் கெண்டி இருப்பது வழக்கம் என்பதால் ஒரு கோப்பை ரசம் கலக்கிக் குடிப்பதற்குத் தடையில்லை. (சைவர் அல்லாத வாசகர்கள் கவனிக்கவும்: இறைச்சி சேர்ந்த எந்தத் தின்பண்டத்தையும் எடுத்துச்செல்லக் கூடாது.)

வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் உணவைவிட நீர்தான் முக்கியம். பொக்காரி ஸ்வெட் நமக்கு இங்கேயே பழக்கமானது. அதைவிட உப்பு கூடுதலாகவும் சர்க்கரை குறைவாகவும் உள்ள ஓஎஸ்-1 என்ற பானத்தை மருந்துக்கடையில் வாங்கலாம். வாயில் கொஞ்சம் கரிக்கும், மடக்கு மடக்காகக் குடியுங்கள். குளிர்காலத்தில் பரவும் நோரோ கிருமிக்குக் கையில் தடவும் ஆல்கஹால் களிம்பு அவ்வளவாகப் பயன்படாது, சவர்க்காரம் போட்டுத்தான் கழுவ வேண்டும். தெருவில் சூடாக ஏதேனும் வேண்டுமென்றால் தானியங்கிப் பான இயந்திரங்களைப் பாருங்கள். விலைப்பட்டை சிவப்பாக இருந்தால் சூடு, நீலமாக இருந்தால் குளிர்ச்சி. எலுமிச்சைப் பானத்தின் சூடான குப்பியைக் குடிக்கும் முன் கையிடுக்கில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கேள்வி: மருத்துவரிடம் போக நேர்ந்தால் எங்கே போவது, எவ்வளவு ஆகும்? பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறோம். (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: சாதாரணக் காய்ச்சலுக்குப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டாம். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் அங்குள்ள பெரிய மருத்துவமனைகளுக்குச் சென்றால், சிகிச்சைக் கட்டணத்துக்கு மேல் குறைந்தது 7,000 யென் தனியாகக் கேட்பார்கள். நம் வட்டார மருந்தகம் போன்ற, மருத்துவர் பார்க்கும் சிறு மருந்தகங்களே (கிளினிக்) போதும். அவை நண்பகலில் மூடி, மாலையில் மறுபடி திறக்கும். ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பாலானவை இயங்கா. ஆண்டிறுதியில் போகிறவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது, டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை பெரும்பாலான மருந்தகங்கள் புத்தாண்டுக்காக அடைத்திருக்கும் என்பதைத்தான். 28ஆம் தேதி காய்ச்சல் தொடங்கினால் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். சளிக்காய்ச்சலுக்கான (இன்ஃபுளுவென்சா) கிருமி எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும் என்பதும் இதற்கு இன்னொரு காரணம். முதியவர்களும் நாட்பட்ட நோய் உள்ளவர்களும் அந்த நேரத்தை வீணாக்கவே கூடாது. சளிக்காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், அது பலன் தருவதற்கு அவ்வளவு நாள் பிடிக்கும்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் விடுதியின் வரவேற்பு மேசையில் கேளுங்கள். அல்லது ஜப்பான் சுற்றுலா அமைப்பின் 24 மணி நேர உதவி எண்ணான 050-3816-2787ஐ அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசுவார்கள். மருந்தகத்தில் மருந்தை அவர்களே கொடுப்பது குறைவு. சீட்டு எழுதித் தருவார்கள், அதை வெளியில் உள்ள மருந்துக்கடையில் கொடுத்து வாங்க வேண்டும். எழுதிய நாளையும் சேர்த்து நான்கு நாள்தான் அந்தச் சீட்டு செல்லும். அந்நாட்டுக் காப்புறுதி நமக்கு இல்லாததால் முழுத் தொகையும் நம் கையிலிருந்தே போகும். கடன் அட்டையை ஏற்காத சிறு மருந்தகங்களும் உண்டு, ரொக்கம் வைத்திருங்கள். பற்றுச்சீட்டு, மருத்துவர் குறிப்பு, மருந்துக்கடை ரசீது மூன்றையும் பத்திரப்படுத்தினால்தான் திரும்பி வந்து காப்புறுதித் தொகை கேட்க முடியும். முன்பே இருந்த நோய்களுக்கு உங்கள் காப்புறுதி பொருந்துமா என்பதை இப்போதே படித்துப் பாருங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு தடுமாற்றம், கழுத்து விறைப்போடு கூடிய கடுங்காய்ச்சல் ஆகியவை எந்த நேரத்தில் வந்தாலும் 119ஐ அழைக்க வேண்டும். நம் அவசர எண் 995 போன்றதே அது.

கேள்வி: கணவருக்கு நீரிழிவு. காய்ச்சலில் சாப்பாடு இறங்காமல் சர்க்கரை குறைந்துவிட்டால் கைவசம் எதை வைத்துக்கொள்வது? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதை நான் சொல்லக் கூடாது. கைவசம் வைத்துக்கொள்ள, மொரினாகா நிறுவனத்தின் ராமுனே என்ற மிட்டாயைச் சொல்வேன். சின்னக் குப்பி வடிவ டப்பாவில் எல்லாச் சிறுகடையிலும் பிள்ளைகளுக்காக விற்பது. அதில் 90 விழுக்காடு குளுக்கோஸ். பேரப்பிள்ளைகள் தின்றுவிடாமல் இரண்டாவது டப்பா ஒன்றை மறைத்து வையுங்கள்.

கேள்வி: சளி பிடித்திருக்கும்போது வெந்நீரூற்றில் குளித்தால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். (வாசகர், பிடோக்)

பதில்: காய்ச்சல் இருந்தால் கூடாது. அங்குள்ள வெந்நீரூற்றுக் குளியலறைகளின் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பே அதைத் தடுக்கிறது. நண்பர் அதைப் படித்திருக்கமாட்டார், ஜப்பானிய மொழியில் இருக்கும்.

கேள்வி: அசாகுசா கோயிலில் பெரிய ஊதுபத்திக் கலத்திலிருந்து வரும் புகையை எல்லாரும் தலையிலும் உடம்பிலும் வாரிப் பூசிக்கொள்கிறார்களே, நோயுற்ற நாளில் நாமும் செய்யலாமா? (வாசகி, தோ பாயோ)

பதில்: தாராளமாகச் செய்யலாம். எந்த உறுப்பு நோகிறதோ அதன்மேல் புகையை வாரிவிட்டால் குணமாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. தீபாராதனைத் தட்டின்மேல் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு அந்தக் கையசைவை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 628இல் சுமிதா ஆற்றில் மீன்பிடித்த இரு சகோதரர்களின் வலையில் கன்னோன் உருவம் ஒன்று கிடைத்தது என்பது அக்கோயிலின் வரலாற்றுக் கதை. கன்னோன் என்பவர் அவலோகிதேசுவரர்தான். அந்த அவலோகிதரிடம்தான் அகத்தியர் தமிழ் கேட்டறிந்தார் என்று 11ஆம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கண நூலொன்று பாடுகிறது. ஆகவே அங்கே போய் நின்று, தொண்டை வலிக்கிறது என்று தமிழிலேயே முறையிடுங்கள். இருமல் அதிகமாக இருந்தால் மட்டும் புகைக்கு இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

நாரா ஊருக்குப் போனால், தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் மண்டப வாயிலருகே, சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று அமர்ந்திருக்கும். அவர் பின்சூரு, புத்தரின் சீடரான பிண்டோல பரத்துவாசர். அவருடைய உடம்பில் எந்த இடத்தைத் தடவிவிட்டு நம் உடம்பில் அதே இடத்தைத் தடவுகிறோமோ அங்கே வலி தீரும் என்பார்கள். முழங்கால் வலிக்காரர்கள் முழங்காலைத் தடவுங்கள். மூக்கொழுகும் நாளில் அவர் மூக்கைத் தொடுவதாக இருந்தால், தொடுவதற்கு முன்பும் பின்பும் கையைக் கழுவிவிடுங்கள்; உங்களுக்கு முன்னால் அதே மூக்கைத் தொட்டவருக்கும் சளிதான் பிடித்திருக்கும்.